செட் வாங்குமுன் ஹாலை அளந்து பாருங்கள்

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே தொடங்கிவிடும். நாளேட்டைப் புரட்டினாலும் கைப்பேசியைத் திறந்தாலும் சுவர் நிறையத் தொலைக்காட்சி, இருபுறமும் ஆளுயர ஸ்பீக்கர்கள், கீழே ‘முன்பணம் வேண்டாம், மாதம் இவ்வளவு ரிங்கிட் மட்டும்’ என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி. போனஸ் பணத்தை நம்பி, ‘இந்த வருஷமாவது ஒரு ஹோம் தியேட்டர் எடுத்துவிடலாம்’ என்று கணக்குப் போடும் குடும்பங்கள் ஈப்போவிலும் சுற்றுவட்டாரத்திலும் நிறையவே உண்டு.

உறவினர்களும் நண்பர்களும் இப்படி ஒரு செட் வாங்கும்போது கூட வரச் சொல்லி என்னை அழைப்பார்கள். புந்தோங், சிம்மோர், சுங்கை சிப்புட், பத்து காஜா, கம்பார் என்று பல வீடுகளின் ஹாலில் உட்கார்ந்து படம் பார்த்திருக்கிறேன். மலிவான செட் அருமையாக ஒலிக்கும் வீடும் இருக்கிறது. மூன்று மடங்கு விலை கொடுத்தும் வசனம் புரியாமல் தவிக்கும் வீடும் இருக்கிறது. எந்த நிறுவனத்தின் பொருள் என்பது அவ்வளவு பெரிய வேறுபாட்டைச் செய்வதில்லை. வாங்கிய பொருள் அந்த ஹாலுக்கும், அதில் உட்காரும் மனிதர்களுக்கும் பொருந்துகிறதா என்பதே முக்கியம். எனவே, கடைக்குப் போகும் முன் வீட்டில் செய்ய வேண்டிய வேலைகளைத்தான் முதலில் சொல்லப் போகிறேன்.

திடலில் இருந்த ஒரே ஸ்பீக்கர்

நம் பெற்றோரும் தாத்தா பாட்டியும் படம் பார்த்த கதையை நினைத்துப் பாருங்கள். 1946-இல் தொடங்கப்பட்ட மலாயா திரைப்படப் பிரிவுதான் பிறகு ஃபிலெம் நெகாரா ஆனது. அது எடுத்த செய்திப் படங்களையும் விளக்கப் படங்களையும் ஏற்றிக்கொண்டு தகவல் இலாகாவின் வேன்கள் கம்பங்களுக்கும் தோட்டங்களுக்கும் போயின. தோட்டத் திடலில் தமிழ்ப் படம் போடுவதும் உண்டு. இரண்டு கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணி, தூரத்தில் ஒரு ஜெனரேட்டர், தரையில் சாக்கும் பாயும். முன்பக்கம் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தார்கள்.

நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது 1963 டிசம்பர் 28-ஆம் நாள். வண்ண ஒளிபரப்பு 1978-இல் வந்தது. ஆஸ்ட்ரோ 1996-இல் வந்தது. இடையில் கித்தாத் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின, சில துண்டு துண்டாக விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகள் ஆயின. லயத்து வீட்டில் இருந்தவர்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்து சேர்ந்தார்கள்.

பழைய பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அந்தத் திடலில் இருந்தது பெரும்பாலும் ஒரே ஒரு ஸ்பீக்கர்தான். சுற்றிச் சூழும் ஒலியும் நெஞ்சை அதிர வைக்கும் ஒலியும் அதில் கிடையாது. ஆனால் வசனம் கேட்டது. நூற்றுக்கணக்கான பேர் உட்கார்ந்த திடலில் கேட்ட வசனம், பத்துக்குப் பன்னிரண்டடி ஹாலில், ஆறு ஸ்பீக்கர் வைத்தும் ஏன் கேட்பதில்லை?

‘சத்தம் இருக்கு, பேச்சு புரியல’

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர் என் பெரியப்பா. இப்போது சிம்மோர் பக்கம் ஒரு தாமானில் மகன் வீட்டில் இருக்கிறார். அண்ணன் ஆசையாக ஒரு 5.1 செட் வாங்கி மாட்டினார். முதல் வாரம் வீடே திருவிழா. இரண்டாவது வாரம் பெரியப்பா ஹாலுக்கு வருவதில்லை. அஞ்சடியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வானொலி கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஏன் பெரியப்பா, படம் பார்க்கலையா?” என்று கேட்டேன்.

“சத்தம் நல்லாத்தான் இருக்கு தம்பி. பேசுறதுதான் புரியல. அவங்க சிரிக்கும்போது நானும் சிரிக்கணும், எதுக்குன்னு தெரியல” என்றார்.

வயதாகும்போது காது முதலில் இழப்பது உயர்ந்த அதிர்வெண் ஒலிகளை. ச, ட, த, க போன்ற எழுத்துகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுபவை அந்த மெல்லிய ஒலிகள்தாம். அவை மங்கும்போது ‘காசு’, ‘காது’, ‘காடு’ மூன்றும் ஏறக்குறைய ஒன்றுபோல் கேட்கும். பக்கத்தில் வெடிச் சத்தமும் பின்னணி இசையும் இருந்தால் சொல்லவே வேண்டாம். ஒலியைக் கூட்டினால் வெடிச் சத்தமும் சேர்ந்து கூடுகிறது. பேச்சு அதே இடத்தில் புதைந்து கிடக்கிறது. பேரப்பிள்ளைகள் காதைப் பொத்துகிறார்கள், தாத்தா எழுந்து போய்விடுகிறார்.

5.1 ஒலியில் வசனத்தின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கரிலிருந்துதான் வரும். அண்ணன் வீட்டில் அந்த ஸ்பீக்கர் தொலைக்காட்சி மேசையின் கீழ்த்தட்டில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்தது. அதை வெளியே எடுத்து, மேசையின் முன்விளிம்பில் வைத்து, காதை நோக்கிச் சற்றே நிமிர்த்தினோம். செட்டிங்கில் நடு ஸ்பீக்கரின் அளவை 4 டெசிபெல் கூட்டினோம். மூலையில் இருந்த சப்வூஃபரை நகர்த்தி, அதன் அளவைக் குறைத்தோம். இரவு முறை என்று ஒன்று இருக்கும், பெரிய ஒலியை அடக்கிச் சிறிய ஒலியை உயர்த்தும். அதையும் போட்டோம். ஒரு ரிங்கிட்கூடச் செலவில்லை. அன்றிரவு பெரியப்பா ஒரு படம் முழுவதையும் உட்கார்ந்து பார்த்தார்.

ஆகவே, எந்தச் செட் வாங்குவது என்று யோசிக்கும் முன், வீட்டில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். அறுபதைத் தாண்டியவர்கள் இருந்தால் நடு ஸ்பீக்கர் கட்டாயம். அவர்கள் பார்ப்பது கறுப்பு வெள்ளைக் காலத்துப் படங்கள் என்றால், அவற்றின் ஒலி பெரும்பாலும் ஒரே தடத்தில் பதிவானது. எத்தனை ஸ்பீக்கர் வைத்தாலும் அதில் புதிதாக எதுவும் கிடைத்துவிடாது. முன்னால் இருக்கும் ஒரு நல்ல ஸ்பீக்கர் போதும். எல்லாம் சரிசெய்த பிறகும் பேச்சு புரியவில்லை என்றால், பிரச்சினை செட்டில் இல்லை. பெற்றோரைக் காது பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

சிறு பிள்ளைகள் இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். பெரியவர்கள் 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதைப் பாதுகாப்பான வரம்பாக உலகச் சுகாதார நிறுவனம் கொள்கிறது. 90 டெசிபெல் ஆனால் அந்த 40 மணி நேரம் 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும். பிள்ளைகளுக்கு வரம்பு இன்னும் குறைவு.

கைதட்டிப் பாருங்கள்

அடுத்து ஹால். நம் தாமான் வீடுகளில் தரை வழுவழுப்பான ஓடு, சுவர் சிமெண்டு, ஜன்னல் கண்ணாடி. வெயிலுக்கும் சுத்தம் செய்யவும் நல்லதுதான், ஒலிக்கு ஆகாது. ஹாலின் நடுவே நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். தட்டிய பிறகு ‘ட்ரிங்’ என்று ஓர் அதிர்வு தொங்கினால், அதே அதிர்வு ஒவ்வொரு வசனத்தின் மேலும் ஒட்டிக்கொள்ளும். இதற்குப் புதிய ஸ்பீக்கர் மருந்தாகாது. கனமான திரைச்சீலை, ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவே ஒரு கம்பளம், பின்சுவரில் புத்தக அலமாரி, துணி மூடிய சோபா ஆகியவை உதவும். முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டினால் ஒலி அடங்கும் என்பார்கள். அதனால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை, கரப்பான் பூச்சிக்குத்தான் வீடு.

பழைய தோட்ட வீடுகளில் நிலைமை வேறு. பலகைச் சுவர் ஒலியை அவ்வளவாகத் திருப்பி அடிக்காது. ஆனால் உள்கூரை இல்லாத தகரக் கூரையில் பேராவின் மாலை மழை இறங்கினால் எந்தச் செட்டும் தோற்றுப்போகும். அப்படிப்பட்ட வீட்டில் முதல் செலவு உள்கூரைக்கு என்று சொல்லத் தயங்கமாட்டேன். வெப்பமும் குறையும், பேச்சும் கேட்கும்.

அளவு நாடாவை எடுங்கள். உட்காரும் இடத்தில் உங்கள் கண்ணிலிருந்து திரை வரை எத்தனை அடி என்று அளந்து, அதை ஏழரையால் பெருக்குங்கள். 6 அடி என்றால் 45, 8 அடி என்றால் 60, 10 அடி என்றால் 75. வருவது தொலைக்காட்சியின் அங்குல அளவு. திரை நம் பார்வையில் சுமார் 30 பாகை அகலம் பிடிக்கும் கணக்கு இது. கடையில் இந்த எண்ணுக்கு அருகில் உள்ள அளவைக் கேளுங்கள். படம் மட்டுமே பார்ப்பவர்கள் ஒரு படி பெரிதாக எடுக்கலாம். நாள் முழுக்கச் செய்தியும் நாடகமும் ஓடும் வீட்டில் ஒரு படி சிறிதாக எடுத்தால் கண் களைக்காது.

திரையின் நடுப்பகுதி உட்கார்ந்தவரின் கண் மட்டத்துக்கு அருகில் இருக்க வேண்டும். சுவரின் உச்சியில், காற்றாடிக்குப் போட்டியாக மாட்டிய தொலைக்காட்சிகளைப் பார்க்கும்போது எனக்குக் கழுத்து வலிக்கிறது. பாய் விரித்துத் தரையில் உட்காரும் பழக்கம் உள்ள வீடு என்றால் இன்னும் கீழே இறக்குங்கள்.

அடுத்த வீட்டுக்காரரும் கேட்பார்

வரிசை வீட்டில் இரு பக்கச் சுவரும் அடுத்தவருக்கும் சொந்தம். சப்வூஃபர் எழுப்பும் 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை எட்டரை மீட்டர் நீளம். செங்கல் சுவரும் மரக்கதவும் அதைத் தடுக்காது. உங்கள் ஹாலில் கார் வெடிக்கும்போது பக்கத்து வீட்டில் கைக்குழந்தை விழித்துக்கொள்ளும். பக்கத்தில் மலாய்க் குடும்பம் தொழுகையில் இருக்கலாம், சீனப் பாட்டி உடல்நலமின்றிப் படுத்திருக்கலாம். ஆண்டுக்கணக்கில் முகம் பார்த்து வாழ வேண்டியவர்கள்.

சப்வூஃபரை மூலையில் வைத்தால் அதிர்வு பெருகும், தெளிவு குறையும். பொதுச் சுவரில் ஒட்டி வைக்காதீர்கள். அடியில் தடித்த ரப்பர் மெத்தை போட்டால் தரை வழியே போகும் அதிர்வு குறையும். கித்தா மரம் சீவிய குடும்பத்துக்கு ரப்பரின் குணத்தைச் சொல்லித் தர வேண்டியதில்லை. சாமி அலமாரி இருக்கும் சுவரிலிருந்தும் தள்ளி வையுங்கள். விளக்கும் கண்ணாடிப் படங்களும் நடுங்கும்.

சரியான இடம் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. நீங்கள் உட்காரும் சோபா இருக்கும் இடத்தில் சப்வூஃபரை வைத்து, அடித்தாளம் அதிகமுள்ள ஒரு பாட்டைப் போடுங்கள். பிறகு ஹாலின் ஓரமாகக் குனிந்தபடி நடந்து, எங்கே தாளம் தெளிவாகவும் சீராகவும் கேட்கிறதோ அங்கே ஓர் அடையாளம் வையுங்கள். சப்வூஃபரை அந்த இடத்துக்கு மாற்றினால் சோபாவில் அதே தெளிவு கிடைக்கும்.

அட்டையில் இருக்கும் எண்கள்

பெட்டியில் 2.1, 3.1, 5.1, 5.1.2 என்று போட்டிருக்கும். முதல் எண் காது மட்டத்து ஸ்பீக்கர்களின் எண்ணிக்கை, இரண்டாவது சப்வூஃபர், மூன்றாவது மேலிருந்து ஒலி தருபவை. 2.1 என்றால் இடம், வலம், சப்வூஃபர். 3.1 என்றால் கூடவே ஒரு நடு ஸ்பீக்கர். 5.1-இல் பின்னால் அல்லது பக்கவாட்டில் இரண்டு சேரும். ஒரே நீளப் பெட்டியாக வரும் சவுண்ட்பாரிலும் இதே கணக்குதான். என் கருத்தில், பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களுக்கு ஏற்ற தொடக்கம் 3.1. 2.1-லிருந்து 3.1-க்குப் போவதற்குக் கொடுக்கும் பணம் வசனத்துக்குப் போகிறது. 3.1-லிருந்து 5.1-க்குப் போவது சண்டைக்காட்சிக்கும் பாட்டுக்கும்.

டால்பி அட்மாஸ் என்ற பெயர் இப்போது எல்லாப் பெட்டியிலும் இருக்கிறது. 2012-இல் வந்த தொழில்நுட்பம் இது. அதே ஆண்டு டிசம்பரில் ‘சிவாஜி’ படத்தின் முப்பரிமாண வடிவம் இந்தியாவின் முதல் அட்மாஸ் படமாக வெளிவந்தது என்பதில் நமக்கும் ஒரு பெருமை உண்டு. வீட்டில் இது வேலை செய்ய, ஒன்று உள்கூரையில் ஸ்பீக்கர் பதிக்க வேண்டும், அல்லது மேல்நோக்கி ஒலியைப் பாய்ச்சி உள்கூரையில் பட்டுத் திரும்ப வைக்கும் ஸ்பீக்கர் வேண்டும். இரண்டாவது வகைக்குச் சமதளமான, கடினமான, சுமார் 8 முதல் 12 அடி உயரமுள்ள உள்கூரை தேவை. சரிவான தகரக் கூரைக்கு அந்தப் பணம் வீண். மேலே இரண்டு ஸ்பீக்கரே இல்லாத சிறிய சவுண்ட்பாரில் அந்தப் பெயர் இருந்தால், அது மின்னணு முறையில் செய்யும் பாவனைதான்.

வாட்ஸ் எண்ணைக் கண்டு மயங்காதீர்கள். ‘3,000 வாட்ஸ் பிஎம்பிஓ’ என்பதற்குப் பொதுவான அளவுமுறையே கிடையாது. விற்பவர் போடும் எண் அது. ஆர்எம்எஸ் என்று குறிப்பிட்ட எண்ணைக் கேளுங்கள். அதிலும் ஒரு சூட்சுமம்: வாட்ஸ் இரு மடங்கானால் ஒலி 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு இரு மடங்கு சத்தமாகத் தோன்றச் சுமார் 10 டெசிபெல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்ஸ். ஸ்பீக்கரின் உணர்திறன் 85-க்குப் பதில் 88 டெசிபெல் என்றால், பாதி வாட்ஸில் அதே சத்தம் கிடைக்கும். நம் ஹாலுக்கு ஒரு ஸ்பீக்கருக்கு 50 உண்மையான வாட்ஸே தாராளம்.

தொலைக்காட்சியில் 4கே இருந்தால் போதும். 8கே படங்கள் நமக்குக் கிடைப்பதே அரிது. ஓஎல்இடி திரையின் கறுப்பு அபாரமானது, இரவில் விளக்கணைத்துப் படம் பார்ப்பவர்களுக்கு ஏற்றது. ஆனால் நாள் முழுக்க ஒரே அலைவரிசையின் முத்திரையும் ஓடும் செய்தி வரியும் ஒரே இடத்தில் நிற்கும் வீட்டில், நாளடைவில் அதன் நிழல் திரையில் படிந்துவிட வாய்ப்புண்டு. அங்கே எல்இடி வகையே நல்லது. வெளிச்சம் கொட்டும் ஹாலில் புரொஜெக்டர் வேண்டாம். மலிவு புரொஜெக்டர்களில் எழுதியிருக்கும் லூமன் எண்ணும் வாட்ஸ் கதைதான், ஆன்சி லூமன் என்று கேட்டு வாங்க வேண்டும்.

தொலைக்காட்சியையும் சவுண்ட்பாரையும் இணைக்க ஏஆர்சி என்று எழுதிய எச்டிஎம்ஐ துளையைப் பயன்படுத்துங்கள். ஒரே வயர், ஒரே ரிமோட். இணையத் தளங்களின் அட்மாஸ் ஒலி ஏஆர்சி வழியாகவே வரும். புளூ-ரே தட்டு வைத்திருப்பவர்களுக்குத்தான் இஏஆர்சி கட்டாயம். இணையத் தளங்களின் சில சந்தாக்களில் மட்டுமே 4கே படமும் அட்மாஸ் ஒலியும் உண்டு. மாதச் சந்தாவையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மின்னல் கேட்டு வராது

உலகில் இடி மின்னல் மிகுந்த நாடுகளில் நம் நாடும் ஒன்று. பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் கிந்தா பள்ளத்தாக்கில் மாலை இடி அன்றாடம்போல ஆகிவிடும். தீபாவளிச் செட் வீட்டுக்கு வருவதும் அந்த நேரத்தில்தான். மின்னலின் மிகைமின்சாரம் மின்கம்பி வழியாக மட்டுமல்ல, ஆஸ்ட்ரோ தட்டின் கம்பி வழியாகவும் வீட்டு ஏரியல் வழியாகவும் உள்ளே வரும். நல்ல மிகைமின் தடுப்புப் பெட்டி ஒன்று வாங்குங்கள், ஏரியல் கம்பிக்கும் துளை உள்ளதாகப் பார்த்து. அதுவும் நேரடியாக விழும் மின்னலைத் தாங்காது. இடி நெருங்கும்போது சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கையும் ஏரியல் கம்பியையும் கழற்றிவிடுங்கள்.

தடுப்புப் பெட்டி வேலை செய்ய வீட்டின் நில இணைப்பு சரியாக இருக்க வேண்டும். பழைய தோட்ட வீடுகளிலும் பல பத்தாண்டுகள் ஆன மலிவு விலை வீடுகளிலும் இது பழுதாகி இருக்கலாம். உரிமம் பெற்ற ஒரு வாயர்மேனை அழைத்துச் சோதித்த பிறகே விலையுயர்ந்த பொருளை மாட்டுங்கள். ஒரே பிளக்கில் நீட்டிப்பு வயருக்கு மேல் நீட்டிப்பு வயராக மாட்டுவது தீ விபத்துக்கு வழி.

மாதம் 150 ரிங்கிட்டின் முழுக் கணக்கு

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு. ரொக்கமாக வாங்கினால் 3,600 ரிங்கிட் செட். தவணையில் மாதம் 150 ரிங்கிட், 36 மாதம். சின்னத் தொகையாகத் தெரியும். 150-ஐ 36-ஆல் பெருக்கினால் 5,400. விலைக்கு மேல் 1,800 ரிங்கிட், அதாவது இன்னொரு பாதிச் செட்டின் விலை. அதே 150-ஐ மாதந்தோறும் சேமித்தால் 24 மாதத்தில் 3,600 கையில் இருக்கும். விற்பனையாளரிடம் கேட்க வேண்டியது ‘மாதம் எவ்வளவு?’ என்பதை அல்ல, ‘மொத்தம் எவ்வளவு?’ என்பதை. வட்டியில்லாத் தவணை என்றாலும், சேவைக் கட்டணம், காப்புறுதி, தாமதக் கட்டணம் என்று ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று படித்த பிறகு கையெழுத்திடுங்கள்.

காத்திருக்க மனமில்லாதவர்களுக்கு என் யோசனை, ஒரேயடியாக வாங்காதீர்கள். இப்போதிருக்கும் தொலைக்காட்சி நன்றாக ஓடுகிறது என்றால் அதை வைத்துக்கொண்டு முதலில் ஒலிக்குச் செலவிடுங்கள். பெரும்பாலான மெலிந்த தொலைக்காட்சிகளின் ஸ்பீக்கர் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருப்பதால், நல்ல 3.1 சவுண்ட்பார் ஒன்றே பெரிய மாற்றம் தரும். பின் ஸ்பீக்கரைப் பிறகு சேர்க்க முடியும் என்ற வகையாகப் பார்த்து வாங்கினால், அடுத்த தீபாவளிக்கு அது வரட்டும். தொலைக்காட்சி வாங்கும்போது எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர முத்திரையையும் பாருங்கள். நட்சத்திரம் கூடினால் மின்கட்டணம் குறையும்.

ரசீதையும் உத்தரவாத அட்டையையும் பத்திரமாக வையுங்கள். வாங்கிய பொருள் பழுது, கடைக்காரர் மாற்றித் தரவும் மறுக்கிறார் என்றால், 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அங்கே வைக்கலாம். வழக்கறிஞர் வேண்டியதில்லை. நம்மவர்களில் பலர் ‘போனால் போகுது’ என்று விட்டுவிடுகிறோம். 5 ரிங்கிட் செலவில் கிடைக்கும் உரிமையை விட வேண்டாம்.

மூன்று வீடுகள், மூன்று தேர்வுகள்

பெற்றோரோடு வாழும் தாமான் வரிசை வீடு: ஏழரைக் கணக்குப்படி ஒரு தொலைக்காட்சி, 3.1 சவுண்ட்பார், கம்பளம், திரைச்சீலை. பேச்சைத் தெளிவாக்கும் பொத்தான் ரிமோட்டிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகள் இல்லாத நேரத்தில் பெரியவர்கள் தாங்களே அழுத்திக்கொள்ள வேண்டும்.

ஈப்போ அடுக்குமாடியில் தனியாகவோ தம்பதியாகவோ இருக்கும் இளையோர்: கீழ்மாடிக்காரரை நினைத்துச் சப்வூஃபரைத் தவிருங்கள். ஆம்ப்ளிபையர் உள்ளேயே அமைந்த நல்ல இரண்டு ஸ்பீக்கர்கள் படத்துக்கும் பாட்டுக்கும் அழகாக ஒலிக்கும். இரவுக்குக் கம்பியில்லா ஹெட்போன். வாடகை வீடு என்றால் சுவரில் துளை போடாமல் எடுத்துச் செல்லவும் வசதி.

இன்னும் தோட்டத்திலோ கம்பத்திலோ இருக்கும் தனி வீடு: அக்கம் பக்கம் தள்ளி இருப்பதால் 5.1 போடத் தடையில்லை. ஆனால் பணம் செல்ல வேண்டிய வரிசை வேறு: முதலில் வாயரிங், அடுத்து உள்கூரை, பிறகு மிகைமின் தடுப்பு, கடைசியில் செட்.

கடைக்குப் போகும் நாளில் அம்மாவையோ அப்பாவையோ கூட அழைத்துச் செல்லுங்கள். கைப்பேசியில் உங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு தமிழ்ப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் போட்டுக்காட்டும் வெடிக்காட்சியை ஒதுக்கிவிட்டு, மழையிலோ சந்தையிலோ இருவர் தாழ்ந்த குரலில் பேசும் காட்சி ஒன்றைப் போடச் சொல்லுங்கள். ஒலியைப் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள். பிறகு பெரியவர்களிடம், அவர்கள் என்ன பேசினார்கள் என்று கேளுங்கள். அவர்கள் வரிக்கு வரி சொல்லிவிட்டால், விலையைப் பேசத் தொடங்கலாம். சொல்ல முடியவில்லை என்றால், கடைக்காரரிடம் அடுத்த செட்டைப் போடச் சொல்லுங்கள். அவசரம் ஒன்றுமில்லை. போகும் வழியில் புந்தோங்கில் நிறுத்திக் கச்சாங் பூத்தே வாங்கிக்கொள்ளுங்கள், அது எந்த செட்டுக்கும் பொருந்தும்.